‘கேஸ் மாத்திரை ஒண்ணு கொடுங்க’: அதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், மேல் வயிற்று வலி. எது வந்தாலும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: ‘கேஸ்’. மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் பல நேரங்களில் பிரச்சினை வாயு இல்லை, அமிலம்.

அமிலம் சுரப்பதே நோய் என்று நினைக்க வேண்டாம். நம் இரைப்பையில் தினமும் ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை செரிமான நீர் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளைக் கொல்கிறது. நாம் சாப்பிடும் மீனையும் இறாலையும் செரிக்க உதவுகிறது. குழம்பு வாசனை வந்தாலே சுரக்கத் தொடங்கிவிடும். இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்குக் காரணம், உட்சுவரில் படிந்திருக்கும் வழவழப்பான சளிப் படலம். அந்தப் படலம் பலவீனமானால்தான் சிக்கல்.

மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்து மீனவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விடியும் முன்பே தொழிலுக்குப் போய், வலை இழுத்து, படகு தள்ளி வந்தால் இடுப்பும் தோளும் வலிக்கத்தான் செய்யும். ஏரித் தண்ணீரில் மணிக்கணக்காக நின்று கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கும் அப்படித்தான். உடனே ஒரு வலி மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும்போதே, சளிப் படலத்தை உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையும் குறைத்துவிடுகின்றன. ‘சாப்பிட்டுட்டுதானே போடுறேன்’ என்பார்கள். அது எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம்; ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்தும் வேலை செய்வதால் ஆபத்து முழுசா போகாது. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். நாள் கணக்கில் தொடர்ந்தால் புண் வரலாம். சிலருக்கு வலியே தெரியாமல் புண் வளர்ந்து, நேரடியாக ரத்தக் கசிவில் போய் நிற்கும்.

இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையும்தான் அல்சரைக் கொண்டுவரும் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும் போதாது. ஆன்டிபயாடிக் மருந்துகளையும் மருத்துவர் சொன்ன நாள் வரை முழுசா சாப்பிட வேண்டும்.

நெஞ்செரிச்சல் என்பது அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவது. சாப்பிட்டதும் படுப்பது, புகைப்பது, மது, உடல் பருமன் எல்லாம் அதைக் கூட்டும்.

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளைப் பலரும் சாப்பிட்ட பிறகு போடுகிறார்கள். உணவுக்குச் சுமார் 30 நிமிடம் முன்பு போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். அதையும் மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தொடரக் கூடாது.

எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ போங்கள். போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்க. வலி மாத்திரையை மறைக்காதீங்க. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமும் சொல்லி வைக்கலாம். சந்தேகம் கேட்க 104.

தார் போல மலம் கருப்பாகப் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது உணவு சிக்குவது ஆகியவை ‘கேஸ்’ இல்லை. இதில் முதல் இரண்டுக்கும் உடனே 108-ஐ அழையுங்கள். நெஞ்சில் அழுத்தத்தோடு வியர்வையோ மூச்சுத் திணறலோ வந்தாலும், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும் அதே 108-தான். அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் எரிச்சலாகவே தெரிவதும் உண்டு.