பூசுவதும் மருந்துதான்

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டிகளில், சொக்கிலேற்றுக்கும் சென்ற் போத்தலுக்கும் நடுவே இப்போது தலைமயிர் வளர்க்கும் மருந்தும் வருகிறது. லண்டனிலும் கனடாவிலும் மருந்துச்சிட்டை இல்லாமலே வாங்கலாம் என்பதால் மாமா மருமகனுக்கு வாங்கி வருகிறார். மருமகன் ஒன்றைச் சிநேகிதனுக்குக் கொடுக்கிறான். "குடிக்கிற மருந்தே? பூசுறதுதானே, என்ன வரப்போகுது?" என்ற தைரியம்தான் எல்லாருக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் போத்தலில் உள்ள மினொக்சிடில் முதலில் உயர் இரத்த அழுத்தத்துக்கான குளிசையாகவே வந்தது. அமெரிக்காவின் அப்ஜோன் நிறுவனம் தயாரித்த அதற்கு 1979 இல் அனுமதி கிடைத்தது. விழுங்கியவர்களுக்கு அழுத்தம் இறங்கியது; கூடவே முகம், கை, முதுகு என்று வேண்டாத இடத்திலும் மயிர் முளைத்தது. அந்தப் பக்க விளைவையே பயனாக்கி, 1988 இல் தலையில் பூசும் திரவத்துக்கு அனுமதி வாங்கினார்கள். பூசுவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இரத்தத்தில் சேரும். ஆனால் தலையில் புண்ணோ சொறியோ இருந்தால், அல்லது சொன்ன அளவை மிஞ்சிப் பூசினால், அந்தப் பங்கு கூடும்.

அடிக்கடி காணும் தொல்லை கடியும் செதிலும் தோல் சிவத்தலும். பெரும்பாலும் இதற்குக் காரணம் மருந்தல்ல; அதைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கோல். அது இல்லாத நுரை வகைக்கு மாறினால் பலருக்குச் சுகம் கிடைக்கும். முதல் சில வாரங்களில் மயிர் முன்னரைவிடக் கூடுதலாகக் கொட்டுவதும் உண்டு. பழைய மயிர் கழன்று புதியது வருவதன் அறிகுறி அது. பயந்து கைவிட வேண்டியதில்லை. பெண்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் மயிர் முளைக்கலாம். நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, நெஞ்சுநோ, கால் வீக்கம், காரணமில்லாமல் திடீரென்று நிறை கூடுதல் ஆகியவை அரிது. வந்தால் பூசுவதை உடனே நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும்.

பூசுகிறவரோடு இது முடிவதுமில்லை. ஸ்பெயினின் நவாரா மாகாணத்தில் 2023 இல் ஒரு கைக்குழந்தைக்கு முதுகிலும் தொடையிலும் காலிலும் மயிர் அடர்ந்தது. விடுப்பில் நின்று பிள்ளையைப் பார்த்த தகப்பன் 5 சதவீத மினொக்சிடில் பூசி வந்திருக்கிறார். மருந்து பட்ட தோலின் தொடுகை நின்றதும் பிள்ளையின் உடல் பழையபடியானது. ஐரோப்பாவில் இப்படி 11 குழந்தைகள் பற்றிய பதிவு உண்டு. மருந்து பூசிய தலையில் பிள்ளையின் கையும் வாயும் படாமல் பார்ப்பது தகப்பனின் பொறுப்பு. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம்: சிறு துளியை நக்கினாலும் அது சாகலாம்.

இந்தியாவில் மினொக்சிடிலோடு பினஸ்ரெரைட் என்ற இன்னொரு மயிர்கொட்டல் மருந்தைக் கலந்த திரவங்களும் விற்பனையாகின்றன. 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தனியாகக் கலந்து விற்கப்படும் பினஸ்ரெரைட் பூச்சுகள் பற்றி எச்சரித்தது. 2019 முதல் 2024 வரை கிடைத்த 32 முறைப்பாடுகளில் ஆண்மைக் குறைபாடு, மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவை இருந்தன. பூச்சுத்தானே, ஒன்றும் செய்யாது என்று முறைப்பாடு செய்தவர்களிற் சிலருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகள் பினஸ்ரெரைட்டைத் தொடவே கூடாது. வயிற்றிலுள்ள ஆண்சிசுவைப் பாதிக்கும்.

எங்கள் கைமருந்துகளும் விதிவிலக்கல்ல. புழுவெட்டில் உள்ளியை அரைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். அதே இடத்தில் ஸ்ரெரொயிட் கிறீமை மாதக்கணக்காகத் தேய்த்தால் தோல் மெலியும்.

மயிர் கொட்டியதும் கிணற்றுத் தண்ணீரின் கல்லுத்தன்மையைக் குறைசொல்வது யாழ்ப்பாணத்தில் வழக்கம். காரணம் வேறாகவும் இருக்கலாம். மாரியில் டெங்குக் காய்ச்சல் கண்டவருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொத்தாகக் கழலும். பிள்ளை பெற்றவர்களுக்கும் அப்படியே. மருந்தில்லாமலே திரும்ப முளைக்கும். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இவர்கள் யாருக்கும் பெட்டியில் வந்த போத்தல் விடையல்ல.

பூசத்தான் வேண்டும் என்றால் திரவத்தை ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றருக்கு மேல் பூசாதீர்கள். பூசியபின் கையைக் கழுவுங்கள். ஈரம் காயமுன் ஹெல்மெற் போடாதீர்கள், தலையணையில் சாயாதீர்கள். திரவத்தில் அற்ககோல் உண்டு. விளக்கு, அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது செல்லும். நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது வேண்டாம். இருதய வருத்தக்காரரும் பிரெஷர் குளிசை எடுப்பவரும் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். மாமா கொண்டுவந்த போத்தலைத் திறக்கமுதல், தோல்நோய் வைத்தியர் ஒருவரிடம் தலையைக் காட்டிவிடுங்கள்.