தீயிலிருந்து மீண்ட ரயில்

குழந்தைகளே, ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாமா? கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது சினிமாக் கணக்கு!

சினிமாப் படச்சுருளின் அகலம் 35 மில்லிமீட்டர். அதில் பதிந்திருக்கும் ஒவ்வொரு படமும் சுமார் 22 மில்லிமீட்டர் அகலம்தான். கிட்டத்தட்ட ஒரு தபால்தலை அளவு. அதைப் பத்து மீட்டர் அகலமுள்ள திரையில் காட்டினால் ஏறக்குறைய 450 மடங்கு பெரிதாகிவிடும். இப்போது அந்தச் சுருளில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு தூசி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் வைத்துப் பார்த்தால் அது இருப்பதே தெரியாது. திரையிலோ அது நாலரை சென்டிமீட்டர்! கதாநாயகன் மூக்கின் மேல் ஒரு பெரிய நெல்லிக்காய் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பழைய படங்களைக் கொட்டகையில் பார்த்த தாத்தா, பாட்டிகளைக் கேளுங்கள். "படம் முழுக்க ஒரே மழையப்பா" என்பார்கள். அது நிஜ மழை இல்லை. படச்சுருளில் விழுந்த கீறல்கள்தான் திரையில் கோடு கோடாக மழை மாதிரி இறங்கும்.

அப்படியானால், கீறல் மட்டுமல்ல, தீயிலேயே வெந்துபோன ஒரு படத்தைப் பெரிய திரையில் காட்ட முடியுமா? முடிந்திருக்கிறது. அந்தப் படத்தின் பெயர் 'பதேர் பாஞ்சாலி'. வங்காள மொழிப் படம். 'பாதையின் பாடல்' என்று பொருள் சொல்லலாம். எடுத்தவர் சத்யஜித் ரே. வெளிவந்த ஆண்டு 1955.

கதை மிக எளிமையானது. வங்காளக் கிராமம் ஒன்றில் ஓர் ஏழைக் குடும்பம். அக்கா துர்கா, தம்பி அப்பு, அப்பா, அம்மா, கூன் விழுந்த ஒரு பாட்டி. அவ்வளவுதான். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. ஆனால் உலகமெங்கும் உள்ளவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறார்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன். நீங்களே பார்க்க வேண்டும்.

இதை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை 1980களில். அப்போது தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தோம். இரண்டாம் முறை, பல வருடங்கள் கழித்து, புதுப்பிக்கப்பட்ட பிரதியை ஒரு திரைப்பட விழாவில் பெரிய திரையில் பார்த்தேன். அதே படம்தான். ஆனால் நான் முதல் முறை பார்த்தது அதில் பாதிகூட இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்காவும் தம்பியும் முதன்முதலாக ரயில் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. நாணல் போல உயர்ந்து வளர்ந்த புல்வெளி. வங்காளத்தில் அதைக் காஷ் என்பார்கள். ஆளுயரப் புல்லின் நுனியில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். தொலைக்காட்சியில் அது ஏதோ சாம்பல் நிறப் பரப்பு, அவ்வளவுதான். பெரிய திரையிலோ ஒவ்வொரு பூவும் தனித்தனியாகக் காற்றில் ஆடுகிறது. துர்கா தந்திக் கம்பத்தில் காதை வைக்கிறாள். 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். திடீரென்று தூரத்தில் கரும்புகை. வெள்ளைப் பூக்களுக்குப் பின்னால் கன்னங்கரேல் என்று ரயில் ஓடி வருகிறது. குழந்தைகள் ஓடுகிறார்கள். கொட்டகையில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் எழுந்தே நின்றுவிட்டான்! "உட்காருடா" என்று அவன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தினமும் ரயில் பார்க்கிற பிள்ளையாகத்தான் இருப்பான். அவனுக்கும் அன்று அதுதான் முதல் ரயில்.

இன்னொரு காட்சி. மழைக்கு முன்பு குளத்தில் பூச்சிகள் நீரின் மேல் நடனமாடும். அந்தக் கால்கள் நீரைத் தொடும் இடத்தில் உண்டாகும் சின்னச் சின்ன வளையங்கள்கூடத் தெரிந்தன. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரின் வழுக்கைத் தலையில் 'சொட்' என்று முதல் துளி விழும்போது அரங்கமே சிரித்தது.

இந்தப் படத்தை எடுக்க ரே பட்ட பாடு தனிக்கதை. அவர் அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஓவியர். அதற்கு முன் படம் எடுத்ததே இல்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21. சினிமாக் கேமராவைக் கையாண்ட அனுபவமே கிடையாது. பணம் தீர்ந்தபோது ரே தன் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. 1952 அக்டோபரில் அந்தப் புல்வெளிக் காட்சியைத்தான் முதலில் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தால் பூக்களே இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி பூக்கும்வரை அடுத்த வருடத்திற்குக் காத்திருந்தார்கள். கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. எந்தக் கணக்கில் தெரியுமா? படத்தின் பெயரில் 'பாதை' இருக்கிறதல்லவா? சாலை மேம்பாட்டுக் கணக்கில்!

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தின் மூலச்சுருளுக்குத்தான் அந்த விபத்து நேர்ந்தது. கேமராவுக்குள் ஓடி, முதன்முதலில் காட்சியைப் பதிந்துகொண்ட சுருளை நெகட்டிவ் என்பார்கள். பிரதிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. பிரதி போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் போனால்?

1992இல் ரேவுக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையிலேயே அதைப் பெற்றுக்கொண்டார். அந்த ஏப்ரலில் காலமானார். விருதுக்காக அவருடைய படங்களைத் தேடியபோதுதான், கிடைத்த பிரதிகள் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கின்றன என்று ஆஸ்கர் அகாடமிக்குத் தெரிந்தது. சரிசெய்வதற்காக நெகட்டிவ்கள் இந்தியாவிலிருந்து லண்டனில் உள்ள ஒரு ஃபிலிம் லேபுக்குப் போயின. 1993 ஜூலையில் அங்கே தீ விபத்து. அப்பு, துர்கா, ரயில், குளம் எல்லாம் டப்பாக்களுக்குள் வெந்தன.

சிலர் குப்பையில் போட்டிருப்பார்கள். அகாடமி அப்படிச் செய்யவில்லை. உருகி, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போன அந்தச் சுருள்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், லாஸ் ஏஞ்சல்ஸ் காப்பகத்தில் பத்திரமாக வைத்தது. அன்றைக்கு இருந்த கருவிகளால் அவற்றை எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் வைத்திருந்தார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல, 20 வருடம். இந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2013இல் க்ரைடீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. சுருள்கள் இத்தாலியின் போலோன்யா நகரத்துக்குப் போயின. பழைய படங்களைச் சரிசெய்வதில் பேர்பெற்ற ஒரு லேப் அங்கே இருக்கிறது. காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருந்த சுருளை முதலில் ஈரப்பதம் ஏற்றி இளக்கினார்கள். இல்லாவிட்டால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். பிறகு உருகி ஒட்டிய மெழுகையும் பசையையும் சுரண்டி எடுத்தார்கள். படச்சுருளின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம் நான்கு. அந்த ஓட்டைகளைப் பிடித்துத்தான் இயந்திரம் சுருளை இழுக்கும். பிய்ந்துபோன ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். கைவேலைக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம்!

இங்கே இன்னொரு கணக்கு. ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடினால், இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை? போட்டுப் பாருங்கள். 1,72,800 வரும். 'பதேர் பாஞ்சாலி' இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகம்.

இத்தனை பாடுபட்டும் மூல நெகட்டிவில் 40 சதவீதம்தான் பிழைத்தது. மீதிக்கு என்ன செய்தார்கள்? உலகத்தின் வெவ்வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளைத் தேடினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகத்திலும், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டிலும், அகாடமியிலும் இருந்தவற்றை வைத்து விட்ட இடங்களை நிரப்பினார்கள். கிழிந்த பட்டுப் புடவைக்கு அதே நிறத்து நூல் தேடி இழையோட்டுகிற மாதிரி. எல்லாவற்றையும் 4கே அளவில் கணினியில் ஏற்றினார்கள். படத்தின் அகலத்தில் மட்டும் சுமார் 4,000 புள்ளிகள் என்று அர்த்தம். அதன் பிறகு தூசியையும் கீறலையும் நீக்கினார்கள்.

ஆனால் வழவழவென்று தேய்த்துவிடவில்லை. பழைய படச்சுருளுக்கே உரிய பொடிப் பொடிப் புள்ளிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசவும் இல்லை. பழைய படத்துக்கு வண்ணம் பூசுவது சிலருக்குப் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்காது. கோயில் தூணுக்கு எனாமல் அடிக்கிற மாதிரி!

1955 மே 3 அன்று இந்தப் படம் உலகிலேயே முதன்முதலாகக் காட்டப்பட்டது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். புதுப்பித்த படமும் அதே அருங்காட்சியகத்தில்தான் முதலில் காட்டப்பட்டது. தேதி 2015 மே 4. அறுபது வருடமும் ஒரு நாளும்!

எல்லாப் படங்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் 'கீசக வதம்'. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்தது. இன்று அதில் ஒரு அடிகூட இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அதுவும் இல்லை. சில புகைப்படங்களும் விளம்பரங்களும்தான் மிச்சம். எந்த லேபுக்கு அனுப்பி எதைச் சரிசெய்ய முடியும்?

உங்கள் ஊர்ப் பக்கம் எங்காவது 'பதேர் பாஞ்சாலி'யைப் பெரிய திரையில் போட்டால் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மிட்டாய்க்காரர் தோளில் காவடி சுமந்து போவார். அவர் பின்னால் துர்கா, அவள் பின்னால் அப்பு, அவன் பின்னால் ஒரு நாய் என்று வரிசையாகப் போவார்கள். குளத்து நீரில் அவர்கள் நிழல் தலைகீழாகத் தெரியும். அந்த நாய் பழக்கிய நாய் இல்லை, கிராமத்து நாய். முதலில் அது நகரவே மாட்டேன் என்றதாம். பல தடவை எடுத்துப் பார்த்தும் பலிக்கவில்லை. பிறகு எப்படி நடந்தது என்கிறீர்களா? துர்காவின் கையில் ஒரு சந்தேஷ் மிட்டாயைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் ரே. அந்த வாசனைக்குத்தான் நாய் வாலை ஆட்டிக்கொண்டு போகிறது!