மரபணுக் கையொப்பமும் புற்றுநோயாளியின் வாழ்நாளும்

சிறுநீர்ப்பையில் தோன்றும் புற்றுநோய் அனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல. சிலருக்கு அது பையின் உட்பரப்போடு நின்றுவிடுகிறது. கட்டியைச் சுரண்டி அகற்றிய பின் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்தினால் அவர்களில் பலர் நீண்டகாலம் நலமாக வாழ்கின்றனர். காசநோய்த் தடுப்பிற்கென உருவான அம்மருந்து இந்நோய்க்கும் பயன்படும் என்பது 1976-இல் தெரியவந்தது. வேறு சிலருக்கோ கட்டி தசைச் சுவரை ஊடுருவிவிடுகிறது. அந்நிலையில் பையையே அகற்றுவதா, மருந்தும் கதிர்வீச்சும் கொண்டு அதனைக் காப்பதா என முடிவு செய்தாக வேண்டும். நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் இரு கட்டிகளுள் ஒன்று சிகிச்சைக்கு அடங்குகிறது. மற்றொன்று விரைவில் உயிரைப் பறிக்கிறது. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறிய முயல்வதே மரபணுக் கையொப்ப முறை.

கட்டியின் சிறு துண்டிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, எந்த மரபணு எந்த அளவிற்குச் செயற்படுகிறது என அளக்கின்றனர். புரதம் ஆக்கும் மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 20,000 உள்ளன. நோயாளி வாழ்ந்த காலத்தோடு தொடர்புடைய சிலவற்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் எடை அளித்து, அனைத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்குகின்றனர். எண் உயர்ந்தால் இடர் மிகுதி. பொருளியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. அரிசிக்கு ஓர் எடை, வீட்டு வாடகைக்கு ஓர் எடை என நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணும் இவ்வாறே கணிக்கப்படுகிறது.

ஒப்புமை இத்துடன் முடியவில்லை. தில்லிக் குடும்பத்தின் செலவினை வேறொரு நாட்டு எடைகளைக் கொண்டு அளந்தால் விடை பிழைபடும். வெளியான கையொப்பங்கள் பலவற்றிற்கு அடிப்படை, அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு 2017-இல் விவரித்த 412 கட்டிகளே. அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் வெள்ளையர். அன்றியும், 20,000 மரபணுக்களை 412 பேரிடம் தேடினால், தற்செயலாகவே பொருந்தி நிற்பவை சில கிடைக்கத்தான் செய்யும். வேறு நோயாளிகளிடம் சோதித்துத் தேறாத கையொப்பத்தை நம்பி எவருடைய சிறுநீர்ப்பையையும் அகற்றலாகாது என்பது என் கருத்து.

நம் நாட்டில் அடித்தளப் பணி தொடங்கியுள்ளது. தில்லியிலுள்ள மரபணுத்தொகுதியியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் பங்கேற்ற இண்டிஜென் திட்டத்தில், 1,029 இந்தியரின் முழு மரபணுத்தொகுதி 2019-இல் படித்தறியப்பட்டது. 10,000 பேரை இலக்காகக் கொண்ட ஜீனோம் இந்தியா திட்டம் 2020-இல் தொடங்கியது. எனினும் இவை நலமாயிருப்போரின் மரபணுக்கள். கட்டிக்குள் நிகழ்வதை இவை கூறா. சென்னை ஐ.ஐ.டி. 2025-இல் மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் திசுக்களைக் கொண்டு ஒரு தொகுப்பினை வெளியிட்டது. சிறுநீர்ப்பைக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும்.

திசு மட்டும் போதாது. நோயாளி எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதும் தெரிய வேண்டும். தில்லிக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சிகிச்சை பெறுவோர் ஊர் திரும்பியபின் அவர்தம் செய்தி அறுந்துபோவதுண்டு. 2020-இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டிற்கே காரணம் மருத்துவச் சான்றுடன் இருந்தது. கருவியை ஒரே ஆண்டின் நிதியில் வாங்கிவிடலாம். நோயாளியைத் தொடர்ந்து விசாரிக்கும் பதிவேட்டு ஊழியருக்கு ஆண்டுதோறும் ஊதியம் ஒதுக்க வேண்டும். வரவு செலவுத் திட்டங்களில் பின்னதே எளிதில் வெட்டுக்கு உள்ளாகிறது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தம் தேசிய அளவிலான தரவுத்தளத்திற்கு வழி செய்துள்ளது. 1982 முதல் விவரம் திரட்டிவரும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை, உரிய அனுமதியுடனும் நோயாளியின் அந்தரங்கத்திற்குப் பாதுகாப்புடனும் அதனோடு இணைக்கும் பணியைச் சுகாதார அமைச்சகமும் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்தே செய்ய இயலும்.