மருத்துவர்களின் தொடர்கல்வியும் மருந்து நிறுவனங்களின் பணமும்



நம் டிரஸ்டுக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் ஆஸ்பத்திரி பில்லோடு மருந்துக்கடை பில்லும் இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாதாமாதம் மருந்து வாங்கியாக வேண்டும். ஆகவே சீட்டில் எந்த மருந்து எழுதப்படுகிறது என்பது நம் குடும்பச் செலவையும் ஜகாத் நிதியையும் தொடுகிற விஷயம். இதையொட்டி மருத்துவ உலகில் நடக்கும் ஒரு விவாதத்தை நம் மக்கள் அறிந்திருப்பது நல்லது.

பட்டம் வாங்கியதோடு மருத்துவரின் படிப்பு முடிவதில்லை. ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. இதற்கான கருத்தரங்குகளுக்கு மண்டபம், பேச்சாளர், சாப்பாடு என்று செலவு உண்டு. அதில் பெரும்பங்கை மருந்து நிறுவனங்கள் ஏற்பது வழக்கமாகிவிட்டது.

நிறுவனங்களின் உதவி இல்லையென்றால் சிறிய ஊர்களில் உள்ள மருத்துவர்களுக்குப் புதிய சிகிச்சை முறைகள் போய்ச் சேராது என்பது ஒரு தரப்பு. செலவு செய்பவரின் மருந்தே சீட்டில் முந்தும் என்பது மறுதரப்பு. இரண்டாவது கவலைக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் சுமார் 2,80,000 மருத்துவர்களைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. நிறுவனச் செலவில் ஒரே ஒரு வேளை உணவு உண்டவர்கள்கூட, உண்ணாதவர்களைவிட அந்நிறுவனத்தின் மருந்தை அதிகம் எழுதியிருந்தார்கள்.

நம் நாட்டில், மருத்துவர்கள் நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் பெறுவதை மருத்துவக் கவுன்சில் 2009இல் தடுத்தது. இத்தகைய அன்பளிப்புச் செலவுக்கு நிறுவனங்கள் வருமான வரியில் கழிவு கேட்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செலவு மருந்து விலையில் ஏறி மக்கள் தலையில் விழுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. நிறுவனப் பணத்தில் நடக்கும் கருத்தரங்குகளில் மருத்துவர்கள் பங்கேற்கக் கூடாது என்ற விதி 2023 ஆகஸ்டில் வந்தது. அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, கருத்தரங்குகளுக்கு நிறுவனங்கள் உதவலாம், வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்கிறது.

நமக்கு இது புதிய பாடமல்ல. ஜகாத் வசூலிக்கச் சென்று வந்த ஒருவர், ஒரு பகுதி தமக்கு வந்த அன்பளிப்பு என்றார். தாய் தந்தையர் வீட்டிலேயே அவர் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது. பொறுப்பைத் தேடி வரும் அன்பளிப்பை எடைபோட அதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை. மருந்துச்சீட்டும் ஓர் அமானிதம்தான்.

இதைப் படித்துவிட்டு எந்த மருத்துவரையும் சந்தேகிக்க வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். “இதே மருந்து குறைந்த விலையில் ஜெனரிக்கில் கிடைக்குமா?” என்று மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள். நம் டிரஸ்டின் மருத்துவ முகாம்களிலும் மருந்து நிறுவனங்களின் பணமோ பேனரோ ஏற்பதில்லை. அந்தச் செலவை நம் ஜமாஅத்தே தாங்கும், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.