வெள்ளைச் சட்டைக்கு முன் ஒரு கணக்கு

அம்பத்தூரிலோ ஓசூரிலோ எட்டுப் பத்து வருடம் மெஷினில் நின்றவருக்கு ஒரு நாள் பழுப்பு உறை வரும். இந்தத் தேதி முதல் நீங்கள் சூப்பர்வைசர். நீலச் சட்டை போய் வெள்ளைச் சட்டை, கேன்டீனில் எல்லோருக்கும் ஸ்வீட். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அசலைச் சாமி படத்துக்கு முன் வைப்பார்கள். கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய சில எண்கள் உண்டு.

முதலாவது 18,000. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் ‘தொழிலாளி’ அல்ல. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இந்த வரம்பு 10,000. நிர்வாகப் பொறுப்பு என்றால் வரம்பே கிடையாது, எவ்வளவு வாங்கினாலும் வெளியேதான். ஆனால் மெஷினில் நிற்கும் ஆபரேட்டர் 40,000 வாங்கினாலும் தொழிலாளியே.

அதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஆட்குறைப்பு வந்தால் தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் உண்டு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. பத்து வருடம் என்றால் 150 நாள் சம்பளம். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் தீர்ப்பாயம் போகும் வழியும் தொழிலாளிக்குத்தான். சூப்பர்வைசருக்கு மிஞ்சுவது கடிதத்தில் எழுதியிருக்கும் நோட்டீஸ் காலமும் சிவில் கோர்ட்டும். பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு ஆபத்தில்லை. மேலே போனவருக்கு வேலை நிலைத்துவிடும் என்பதும் நினைப்புதான். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, போகப்போகிறவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையினர் என்றே சொன்னது.

அடுத்தது ஓ.டி. மாதச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். 26 நாள், எட்டு மணி நேரம். மணிக்கு 96 ரூபாய் சொச்சம். ஓ.டி.க்கு இரட்டிப்பு, 192. வாரம் நான்கு மணி நேரம் பார்த்தாலே மாதம் 3,000 ரூபாயைத் தாண்டும். சூப்பர்வைசர் ஆனதும் பல கம்பெனிகளில் ஓ.டி. நின்றுவிடும். உயர்வு 3,000 என்றால், கிடைத்தது சட்டை மட்டும்.

அதே உயர்வு சம்பளத்தை 23,000 ஆக்குகிறது. ஈ.எஸ்.ஐ. வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000. நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் அல்லது மார்ச் வரை பிடித்தம் தொடரும், பிறகு நின்றுவிடும். ஓ.டி. பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது; சம்பள உயர்வு சேரும். அயனாவரத்திலோ கே.கே. நகரிலோ உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அம்மாவுக்கு மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர், கம்பெனி இன்ஷூரன்ஸில் பெற்றோர் பெயர் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பல பாலிசிகளில் இருப்பதில்லை.

கடிதத்தில் ‘ஆறு மாதம் புரொபேஷன்’ என்ற வரி இருந்தால் இரண்டு தடவை படியுங்கள். நிரந்தரத் தொழிலாளி புதிய பதவியில் புரொபேஷனில் இருந்து சரிப்படாவிட்டால் பழைய பதவிக்கே திருப்பி அனுப்பலாம் என்று மாதிரி நிலையாணைகள் சொல்கின்றன. அவையும் தொழிலாளிகளுக்கானவை. பழைய பதவிக்குத் திரும்பலாம் என்ற வரி உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டால் திரும்பி வர இடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் பயிற்சி என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. நேற்றுவரை பக்கத்து மெஷினில் நின்றவனுக்கு இன்று மெமோ கொடுக்க வேண்டும். எப்படி என்று சொல்லித்தர ஆள் இருக்காது. தடுமாறினால் ‘திறமை போதவில்லை’ என்று ஃபைலில் ஏறும்.

பதவிப் பெயர் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. 1988-இல் ஓர் உள்தணிக்கையாளர் வழக்கில், சரிபார்த்து அறிக்கை கொடுப்பது மேற்பார்வை ஆகாது, அவர் தொழிலாளிதான் என்றது உச்ச நீதிமன்றம். 1994-இல் காலணிக் கடை ஒன்றின் பொறுப்பாளர், கடையை நடத்தியதே அவர்தான் என்பதால் தோற்றார். கோர்ட் பார்ப்பது பிரதானமாகச் செய்த வேலையை.

ஆகவே உங்கள் வேலை என்ன, லீவு அனுமதிக்கும் அதிகாரம் யாருக்கு, பழைய பதவி காத்திருக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளை வீட்டில் வையுங்கள், ஃபேக்டரி லாக்கரில் வேண்டாம். வேலை போகிற அன்று கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள்.