பச்சைத் திரையும் வெண்மைச் சமநிலையும்

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தே, பாடங்களை வீட்டிலிருந்தவாறே வீடியோவாகப் பதிவு செய்யும் வழக்கம் நம் நாட்டு ஆசிரியர்களிடையே பரவலாயிற்று. பின்புறத்தில் பச்சைத் துணியைத் தொங்கவிட்டு, பதிவு முடிந்தபின் அத்துணியின் இடத்தில் வரைபடத்தையோ ஆய்வுக்கூடத்தையோ கணினியால் பொருத்துவது அவர்களுட் சிலர் கையாளும் முறையாகும். இம்முறையில் ஒளியமைப்புச் சீர்கெடின், விளைவு தோற்றக் குறையோடு நின்றுவிடுவதில்லை. ரசாயன ஆசிரியர் ஒருவர் பினாப்தலீனைக் கொண்டு அமிலத்தின் வலிமையை அளந்து காட்டுகிறார் என்று கொள்வோம். நிறமற்ற திரவம் வெளிறிய இளஞ்சிவப்பாக மாறும் கணமே அச்சோதனையின் முடிவுநிலை. காமிரா படம் முழுவதிலும் இளஞ்சிவப்புச் சாயலை ஏற்றிவிடுமாயின், மாணவன் அக்கணத்தை எங்ஙனம் அறிவான்? சாயலேறுவதன் காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவால் குறிப்பது மரபு. மெழுகுவர்த்திச் சுடரின் அளவு ஏறத்தாழ 1,900; வீட்டு டங்ஸ்டன் விளக்கிற்கு 2,700; நண்பகல் வெயிலுக்கு 5,500; நீல வானத்தின் ஒளி மட்டுமே படும் நிழலில் 7,000க்கும் மேல். எண் குறையுந்தோறும் செம்மையும், மிகுந்தோறும் நீலமும் ஓங்கும். நம் கண்ணும் மூளையும் இவ்வேற்றுமைக்குத் தம்மை இணக்கிக்கொள்வதால், வெள்ளைத் தாள் பெரும்பாலும் வெள்ளையாகவே தோன்றுகிறது. காமிராவிற்கோ இவ்வியல்பு இல்லை. அது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. அவ்வளவுகளைத் தக்க எண்களால் பெருக்கி, வெள்ளைப் பொருளில் மூன்றும் சமமாகுமாறு செய்வதே வெண்மைச் சமநிலை எனப்படும்.

தானியங்கி முறையில் காமிரா இவ்வெண்களைக் காட்சியிலிருந்தே ஊகித்தறிகிறது. காட்சியிலுள்ள நிறங்களின் சராசரி சாம்பல் நிறமாகும் என்பது அவ்வூகத்திற்குரிய எளிய கொள்கைகளுள் ஒன்று. காட்சியின் பெரும்பகுதி பச்சையாயிருக்கையில் இக்கொள்கை பொய்த்துவிடுகிறது. பச்சை அளவிறந்ததெனக் கொண்டு கருவி அதனைக் குறைக்க, முகத்திலும் சட்டையிலும் குடுவையிலும் செந்நீலச் சாயல் படர்கிறது. ஆசிரியர் நகருந்தோறும் புலப்படும் துணியின் பரப்பு மாறுமாதலால், சாயலும் நிலையாக நில்லாது.

அங்ஙனமாயின் பச்சையையே தேர்வதேன்? ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சார்ந்த பிரைஸ் பேயர் என்பார் 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் பெரும்பாலான காமிராக்களில் அடிப்படையாக உள்ளது. அதில் நான்கு நுண்கூறுகளுள் இரண்டு பச்சைக்கும், மற்றவை சிவப்பிற்கும் நீலத்திற்கும் ஒவ்வொன்றாக அமைந்துள்ளன. ஆகவே பச்சை ஏனையவற்றினும் தெளிவாகப் பதிவாகிறது. மனிதத் தோலின் நிறத்தில் பச்சை ஓங்கி நிற்பதில்லை என்பதும் பிறிதொரு காரணமாகும்.

இனி, செயல்முறையைக் காண்போம். துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, இருபுறமும் ஒரேவகை விளக்குகளைச் சாய்வாக அமைத்து, எங்கும் ஒரே அளவான ஒளி படச் செய்க. ஒளி மிகின் பச்சை வெளுத்துவிடும். குறையின் புள்ளிகள் மலிந்து, கணினியால் விளிம்பைப் பிரித்தறிய இயலாது. பேசுபவர் துணியினின்று ஐந்தாறு அடி முன்னே நிற்றல் நலம்; இன்றேல் துணியில் பட்டெழும் பச்சையொளி மயிரிலும் தோளிலும் படியும். அவருக்குத் தனி விளக்கு வேண்டும். சன்னலொளியையும் மஞ்சள் விளக்கையும் கலத்தல் ஆகாது. இருவேறு ஒளிகளையும் ஒரே பெருக்கெண்ணால் திருத்தல் இயலாதன்றோ!

விளக்குகளை ஏற்றிய பின்னர், பேசுபவர் நிற்குமிடத்தில் வெள்ளை அல்லது சாம்பல் நிற அட்டையைப் பிடித்து, அது காட்சியை நிறைக்குமாறு காமிராவை அணுக்கி, வெண்மைச் சமநிலையைக் கையால் அமைத்து நிலைநிறுத்துக. பதிவு முடியுமளவும் அதனை மாற்றலாகாது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையதாதலின், சில விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். காமிராவின் திறப்பு நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடியாக வைப்பின் மினுமினுப்புத் தோன்றாது.

தாவரவியல் பாடத்திற்குப் பச்சைத் துணி பொருந்தாது. காட்டப்படும் இலையும் திரையோடு மறைந்துபோகும். ஆண்டு நீலத் துணியே ஏற்றது. ரசாயனப் பாடத்தில் திரவத்தின் நிறமே விடையாதலால், குடுவையின் பின்னே வெள்ளைத் தாளொன்றை வைத்துப் பதிவு செய்தல் வேண்டும். அத்தாள் வெள்ளையாகத் தோன்றுமாயின், திரவத்தின் நிறத்தையும் மாணவர் ஐயமின்றி நம்பலாம்.