ஒரே வகுப்பறை, மூன்று நிலை: ஆங்கிலப் பாடத்தைத் திட்டமிடுவது எப்படி?

மூன்றாம் வகுப்பில் 30 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். சிலர் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களைப் படிக்கிறாங்க. சிலர் எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைப் படிக்கிறாங்க. இன்னும் சிலருக்கு எழுத்திலேயே தடுமாற்றம். பாடம் ஒண்ணு, பீரியடும் ஒண்ணு. யாருக்காக நடத்துவது? கடலூர் துறைமுகத்தை ஒட்டிய பள்ளியானாலும், சிதம்பரம் பக்கத்தில் குமராட்சி, கீரப்பாளையம் கிராமப் பள்ளியானாலும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இது பழகிய கேள்விதான். இந்தக் கேள்விக்காகவே வந்த திட்டம் 'எண்ணும் எழுத்தும்'.

திட்டம் ஏன் வந்தது?

கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் மீண்டும் திறந்தன. இடையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் போய்விட்டது. வகுப்பு ஏறியது, கற்றல் ஏறவில்லை. இந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 8 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்த திட்டம், 2023-24 கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவானது.

தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றிலும் குழந்தையின் கற்றல் நிலையை முதலில் கண்டறிகிறார்கள். அதன்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துப் பாடம் நடக்கிறது. ஆசிரியருக்குக் கையேடும், மாணவருக்குப் பயிற்சி நூலும் உண்டு.

பக்க எண்ணில் தொடங்காதீங்க

'இன்று 14-ம் பக்கம்' என்று எழுதினால் அது திட்டமல்ல, வெறும் கணக்கு. 'இன்று அரும்புக் குழந்தை எதைச் செய்ய முடியும், மொட்டு எதை, மலர் எதை?' என்று மூன்று வரி எழுதுங்க. அந்த மூன்று வரிதான் அன்றைய பாடத்திட்டம்.

பேருந்துப் பயணம் பற்றிய பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் பொது. ஒரு பாட்டு, ஒரு படம், நாலு கேள்வி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என்னவெல்லாம் இருக்கும் என்று கேளுங்க. பஸ், டிக்கெட், சீட், டிரைவர், ஸ்டாப் என்று குழந்தைகளே அடுக்குவாங்க. துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெட், போட், ஐஸ் எல்லாம் வீட்டுப் பேச்சு. பிச்சாவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் போட் புதுசு இல்லை. ஆங்கிலமே தெரியாது என்று நாம் நினைக்கும் குழந்தையிடம் இத்தனை சொற்கள் ஏற்கெனவே இருக்கு.

அடுத்து மூன்று குழு. அரும்புக் குழு 'பஸ்' என்ற சொல்லை ப்-அ-ஸ் என ஒலி ஒலியாகப் பிரித்துச் சேர்க்கட்டும். மொட்டுக் குழு படஅட்டையையும் சொல்அட்டையையும் பொருத்திப் படிக்கட்டும். மலர்க் குழு நாலு வரி படித்து, சொந்தமாக இரண்டு வரி எழுதட்டும். மொட்டும் மலரும் தங்கள் வேலையைச் செய்யும் நேரத்தில் நீங்கள் அரும்புக் குழுவோடு உட்காரலாம். மறுநாள் மொட்டு, அதற்கடுத்த நாள் மலர்.

கடைசி ஐந்து நிமிடம் சரிபார்ப்பு. குழுவுக்கு இரண்டு குழந்தைகள் போதும். யாருக்கு வரவில்லையோ அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்க. நாளைய திட்டத்தின் முதல் வரி அதுதான்.

தமிழ்க் காதுக்கு ஏற்ற திட்டம்

'பி, யூ, எஸ்' என்று எழுத்தின் பெயரை எத்தனை முறை சொன்னாலும் 'பஸ்' வராது. ஒலியைச் சேர்த்தால்தான் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. 'பம்பரம்' என்ற சொல்லில் 'ப' இரண்டு முறை வருகிறது, ஆனால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தமிழுக்கு அங்கே ஒரே எழுத்து போதும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. தமிழில் எழுதினால் வேறுபாடே தெரியாது. அதனால் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் எழுதிக் கொடுப்பதைக் குறைத்து, முதலில் காதால் கேட்டுப் பிரிக்கப் பழக்குங்க. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று குழந்தை சொன்னால் திட்ட வேண்டாம். தமிழ்ச் சொல் அப்படிக் கூட்டு மெய்யில் தொடங்காது என்பதால் வருவது அது. நீங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

உதவி எங்கே கிடைக்கும்?

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கையேடுகளைத் தயாரிக்கிறது. கடலூர் மாவட்டத்துக்கான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வடலூரில் உள்ளது. இதைவிடப் பக்கத்தில் உங்கள் வட்டார வள மையமும், அங்குள்ள ஆசிரியர் பயிற்றுநரும் இருக்காங்க. ஒரு குழு முன்னேறாமல் நின்றால், வளரறி மதிப்பீட்டு விவரத்தோடு போய்க் கேளுங்க. 2023-ல் வந்த 'மணற்கேணி' செயலியில் பாடங்களுக்கான காணொலிகள் இருக்கு.

பெற்றோர் கவனத்துக்கு

'எத்தனை பாடம் முடிஞ்சுது?' என்பதற்குப் பதிலாக 'என் பிள்ளை ஆங்கிலத்தில் எந்த நிலையில் இருக்கு?' என்று ஆசிரியரிடம் கேளுங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைக் கேட்கலாம். அது உங்கள் உரிமை. உங்களுக்கு ஆங்கிலம் தெரியலைன்னாலும் பரவாயில்லை. பயிற்சி நூலை எடுத்து, படத்தைக் காட்டி, 'இது என்ன, படிச்சுக் காட்டு' என்று தினமும் ஐந்து நிமிடம் கேட்டாலே போதும். அரும்பு நிலை என்பது மதிப்பெண் அல்ல, குறையும் அல்ல. பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்பதற்கான அடையாளம் மட்டும்தான். அது தெரிந்தால்தான் அடுத்த படிக்கு ஏற்ற முடியும். தெரியாமலே மூன்றாம் வகுப்பு தாண்டினால், பிறகு எல்லாப் பாடமும் சுமையாகிவிடும்.

பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண்ணில் பேசலாம்.